ஆத்மநாதனின் அனல் விசிறி

அறந்தாங்கியில் கார் வைத்திருப்போர் பலர். வைகாசி வெயிலில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர் ஆத்மநாதன் ஒருவரே. அவரைப் பற்றி எழுதப் புகும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் வாசகர் நம்பமாட்டார். முன்னால் சொன்னாலும் நம்புவது கடினம்தான். ஆனால் பழகிக்கொள்ள அவகாசமாவது கிடைக்கும்.

ஆத்மநாதன் மின்வாரிய அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதிலும் அவர் ஒரு மின்கம்பியைக்கூடத் தொட்டதில்லை. ஆயினும் தெருவில் எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு போவார். சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார், அணைத்துப் பார்ப்பார், பிறகு அண்ணாந்து நோக்கி, "பேஸ் வரல" என்பார். சற்று நேரத்தில் மின்சாரம் தானாகவே வந்துவிடும். வந்த பெருமை அவரைச் சேரும். வராவிட்டால் பழி டிரான்ஸ்பார்மரைச் சேரும். இந்த ஏற்பாட்டில் அவர் நெடுங்காலம் நிம்மதியாக வாழ்ந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் காரைக்குடிப் புரோக்கர் ஒருவர் மூலம் அந்தக் காரை வாங்கினார். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, பாலாடை நிறம், முன்புறத்தில் இரண்டு உருண்டை விளக்குகள், ஆச்சரியப்பட்ட கண்களைப் போல. அது அரண்மனைக் கார் என்று புரோக்கர் சொன்னார். நம் மாவட்டத்தில் கொஞ்சம் வயதான கார் எதுவானாலும் அது அரண்மனைக் கார்தான். சொல்லப்படுகிற அத்தனை கார்களும் உண்மையிலேயே அரண்மனையில் நின்றிருந்தால் ராஜா நிற்பதற்கு இடம் இருந்திருக்காது. ஆத்மநாதன் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திய அன்றே அவருடைய நடை மாறிவிட்டது என்று அவர் மனைவி அமுதவல்லி கூறுகிறார்.

அரண்மனைக் கூற்றுக்கு எதிரான ஒரே சாட்சி காருக்குள்ளேயே இருந்தது. அதுதான் ஹீட்டர். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு சிறு ரேடியேட்டர், பக்கத்தில் ஒரு விசிறி. மலைத் தோட்டம் எதிலோ இருந்த துரை ஒருவர் குளிருக்காகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆத்மநாதனின் தங்கை கணவருக்கு அண்ணனான ரத்தினவேலுக்கு அது முதல் நாளே விளங்கிவிட்டது.

"ஏன் மச்சான், நம்ம ஊரு ராசாவுக்கு ஹீட்டர் எதுக்கு? வேர்வை பத்தலையாக்கும்?"

"ராசா கொடைக்கானல் போவாரு."

"போறவரு ஒரு கம்பளிய எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

ஆயினும் அந்த ஹீட்டர் இல்லாமல் ஆத்மநாதனின் புகழ் இல்லை. இதை விளக்க, ஊரார் அவருடைய காரைக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளை அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருமணத்துக்கு முந்தைய மாலையில் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் ஊர்வலமாக அழைத்து வருவது வழக்கம். ஊர்வலத்தின் வேகத்தை நிர்ணயிப்பவர் கார் ஓட்டுபவர் அல்லர்; முன்னால் மேளம் அடிப்பவர். அவர் நின்றால் கார் நிற்க வேண்டும். யாராவது ஆடினால் ஆடி முடியும்வரை நிற்க வேண்டும். கார் ஓடினால்தான் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். மேளத்தின் வேகத்தில் காற்று எங்கே கிடைக்கும்? பழைய எஞ்சின் பாதி வழியிலேயே கொதித்துவிடும். ஆகவே எஞ்சினின் வெந்நீரை ஹீட்டர் பெட்டிக்குள் திருப்பிவிட்டு, விசிறியைப் போட்டு, அந்தச் சூட்டைக் காருக்குள் ஊதித் தள்ள வேண்டும். எஞ்சின் தணியும். அதாவது, எஞ்சின் படவேண்டிய அவதியை மாப்பிள்ளைக்கு மாற்றிக் கொடுப்பதே இந்த முறையின் சாரம்.

இதை ஆத்மநாதன் தாமாகவே கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காரில் ஏறிய மாப்பிள்ளைகள் சிலரின் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். அனைவரும் ஆற்றிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவர்களைப் போல இருக்கிறார்கள். கல்யாணப் பயத்தில் வேர்த்துவிட்டது என்று ஊரார் விளக்கம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைகளும் அதையே நம்பினார்கள்.

கடந்த தை மாதத்தில் விசிறி நின்றது. ஒரு மாப்பிள்ளை அழைப்பின் நடுவில், மார்க்கெட் முக்கில், பானெட்டுக்கு அடியிலிருந்து நீராவி சீறிக்கொண்டு எழுந்தது. கோட்டும் சூட்டுமாக இறங்கிய மாப்பிள்ளையை, மண்டபத்துக்குத் தண்ணீர்க் கேன் ஏற்றிப்போன குட்டியானை வண்டி ஒன்றின் பின்னால் ஏற்றி அனுப்பினார்கள். கேன்கள் உருளாமல் அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு போன காட்சி இன்றும் பலருடைய செல்போன்களில் இருக்கிறது. அதற்குப் பின் ஆத்மநாதனின் காரை எந்தக் கல்யாண வீட்டாரும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய தங்கை பிரகதாம்பாளின் மகள் இளமதிக்கு வைகாசியில் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சந்தோஷ்குமார், கீரமங்கலத்துப் பூ வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கொடுப்பது தாய்மாமனான தமது உரிமை என்று ஆத்மநாதன் அறிவித்தார். இளமதியின் தந்தை அய்யப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. அண்ணன் வண்டி சும்மாத்தான நிக்கிது. ஏசி இருக்கு. மேல கண்ணாடி தெறக்குது. மாப்ள நின்னுக்கிட்டே வரலாம்."

அண்ணன் என்றது ரத்தினவேலை. அவர் குவைத்திலிருந்து திரும்பி வந்து வெள்ளை நிறத்தில் பெரிய கார் ஒன்று வாங்கியிருந்தார்.

"நின்னுக்கிட்டு வாரதுக்கு அவரு என்ன ஓட்டுக் கேக்கவா வாராரு?" என்றார் ஆத்மநாதன். "மாப்ளய அழைச்சுக்கிட்டு வாரது என் காருதான்."

"அழைச்சுக்கிட்டு வாங்க மச்சான், யாரு வேணாங்குறா?" என்றார் ரத்தினவேல். "அவிச்சுக்கிட்டு வந்துராதீங்கன்னுதான் சொல்றோம்."

பிரகதாம்பாள் மட்டும் அண்ணன் பக்கம் நின்றார். "எங்கண்ணன் காருல வரலன்னா நான் ஆரத்தித் தட்டத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் அய்யப்பன் ஒரு சமரசத்துக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆத்மநாதன் தம் காரைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை மேளக்காரர் நடக்கிற வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். கொதிக்காவிட்டால் அவர் கார். கொதித்தால் அண்ணன் வண்டி.

ஆத்மநாதன் மறுநாளே மலையாண்டியிடம் போனார். மலையாண்டி கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். இப்போதைய கார்களில் ஒரு கருவியைச் செருகினால் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். மலையாண்டி கருவியைக் கையில் பிடித்தபடி பாலாடை நிறக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்க சார் செருகுறது?"

"அரண்மனைக் காருப்பா. செருகுற எடமெல்லாம் கெடையாது."

மலையாண்டி கருவியை வைத்துவிட்டு டெஸ்ட் லாம்பை எடுத்தார். பியூஸைப் பார்த்தார்; நன்றாக இருந்தது. சுவிட்சைப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. விசிறி மோட்டாருக்குப் போகும் ஒயரில் லாம்பை வைத்தார்; பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருது சார்."

"பேஸ் வருதா?"

"காருல பேஸெல்லாம் கெடையாதுங்க சார்."

ஆத்மநாதன் இதைக் கேட்டு அடைந்த அதிர்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது சிரமம். தம் வாழ்நாளில் பயன்படுத்திய ஒரே தொழில்நுட்பச் சொல் தம் சொந்தக் காரிலேயே செல்லாது என்று அவர் அன்றுதான் அறிந்தார்.

மோட்டாரைக் கழற்றினார்கள். கார்பனைத் துடைத்து, மேசைமேல் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை எடுத்து வைத்ததும் விசிறி விர்ரென்று சுற்றியது. மேசையில் கிடந்த பில் புத்தகத்தின் தாள்கள் படபடத்தன. ஆத்மநாதன் கைதட்டினார். காரில் பூட்டி சுவிட்சைப் போட்டார்கள். ஓசையே இல்லை. மறுபடியும் கழற்றி மேசைமேல் வைத்தார்கள், சுற்றியது. மறுபடியும் பூட்டினார்கள், நின்றது.

"இது பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் இருக்கு சார். வீட்டுல நல்லா ஒப்பிக்கிது. வாத்தியாரக் கண்டா வாயத் தெறக்க மாட்டேங்குது."

"ஒருவேள ஒயரு போயிருக்குமோ?"

"ஒயரு நல்லாருக்கு. மோட்டாரும் நல்லாருக்கு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, சேந்து வாழத்தான் மாட்டேங்குது." மலையாண்டி கையைத் துடைத்துக்கொண்டு தீவிரமான முகத்துடன் கேட்டார்: "சாதகம் பாத்தீங்களா?"

கடைசியாக அவர் ஒரு யோசனை சொன்னார். ஹீட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏசி வைத்துவிடலாம் என்பதே அது. ஆத்மநாதன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் அமுதவல்லி, "ஊரு ஒலகத்துல வைகாசி பொறந்தா ஏசி ரிப்பேருக்கு ஆள் தேடுவாக. எனக்கு வாச்சவருக்கு ஹீட்டர் வேல செய்யலயாம்" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். திருஷ்டியாக இருக்கும் என்றும் சொன்னார். பூசணிக்காய் உடைக்கப்பட்டது. விசிறி சுற்றவில்லை.

பழைய கார்ப் பிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பல தேசத்தவர் அதில் இருந்தனர். ஆத்மநாதன் தம் சிக்கலை அங்கே எழுதினார். குளிர் தேசத்து உறுப்பினர் ஒருவர், தற்போது வெளியே என்ன வெப்பநிலை என்று கேட்டார். ஆத்மநாதன் உள்ளதைச் சொன்னார். அவர் அதை எழுத்துப் பிழை என்று கருதி, கைகள் விறைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி அன்புடன் அறிவுறுத்தினார். இங்கிலாந்துக்காரர் ஒருவர், மோட்டார் பூட்டியிருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஆத்மநாதன் நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினார். பதில் உடனே வந்தது. மோட்டாரைச் சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகத் தடித்துப் படிந்திருப்பது எந்த வகைத் துரு? தம் வாழ்நாளில் இப்படி ஒரு துருவைக் கண்டதில்லையே என்றிருந்தது.

ஆத்மநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது துருவா? ஆயுத பூஜைதோறும் இட்ட சந்தனமும் குங்குமமும் அல்லவா? அவர் திண்டில் சாய்ந்துகொண்டு விரிவான பதில் ஒன்றைத் தட்டத் தொடங்கினார். எங்கள் நாட்டில் கருவிகளை வணங்குவது மரபு. என் மனைவி ஆண்டுதோறும் காரின் உள்ளும் புறமும் ஓர் ஆணி விடாமல் பொட்டு வைப்பார். பழைய பொட்டை அழிப்பது முறையன்று என்பதால் அதன்மேலேயே புதிய பொட்டு வைப்பார். சக்கரங்கள், விளக்குகள், ஸ்டியரிங், பேட்டரி, ஹீட்டர், ஹீட்டர் மோட்டாரின் எர்த் ஒயரைக் காரின் உடம்போடு சேர்க்கும் திருகாணி...

இந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

மோட்டாருக்குள் போகும் மின்சாரம் திரும்பி வர வேண்டும். காரில் அது திரும்புவது அந்தத் திருகாணி வழியாகக் காரின் உடம்புக்கு. மலையாண்டியின் மேசையில் ஒயரை நேராகப் பேட்டரியில் வைத்தார்கள்; அங்கே பொட்டு இல்லை. காரில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து, அடியில் பச்சையாகக் களிம்பேறி, திருகாணியையும் தகரத்தையும் பிரித்து வைத்திருந்தன. பக்தி மிகுதியால் மின்சாரத்தின் வீடு திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. இங்கிலாந்துக்காரருக்கு அந்தப் பதில் போய்ச் சேரவில்லை. அது என்ன துரு என்று அவர் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கோளாறு தெரிந்துவிட்டது. சுரண்டுவதுதான் பாக்கி. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பொட்டை எப்படிச் சுரண்டுவது? அதுவும் கல்யாணத்தை வைத்துக்கொண்டு? ஆத்மநாதன் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அமுதவல்லி வந்து பார்த்தார்.

"என்னத்துக்கு இங்கிட்டு ஒக்காந்திருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நான் வச்ச பொட்டாலதான் ஒங்க காரு நின்னுச்சுங்குறீங்க."

"நான் அப்படிச் சொல்லல, வல்லி."

"ஒரு ஆணி விடாம வையின்னு வெரட்டுனது யாரு? நானா காருக்கு அடியில படுத்துப் பொட்டு வச்சேன்?" என்றார் அமுதவல்லி. "தெனம் குளிக்கையில ஒங்க நெத்திப் பொட்டும்தான் போகுது. சாமி என்ன கோவிச்சுக்கிட்டா போயிருச்சு? சுரண்டுங்க பேசாம."

ஆத்மநாதன் ஒரு சூடத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டுச் சுரண்டினார். திருகாணி பளபளப்பாக வெளிப்பட்டது. இறுக்கி, சுவிட்சை முதல் நிலைக்குத் தள்ளினார். பெட்டிக்குள் ஒரு முனகல். பிறகு ஒரு மெல்லிய விர். வெதுவெதுப்பான காற்று அவருடைய முழங்காலில் பட்டது. வைகாசி நடுப்பகலில் அனல் காற்று பட்டு மகிழ்ந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். சுரண்டிய சந்தனமும் குங்குமமும் பொடிப்பொடியாகப் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்து கிடந்ததை இருவரும் கவனிக்கவில்லை. சுவிட்சில் வேகமான இரண்டாம் நிலை ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அன்று எழவில்லை.

அடுத்த நாள் காலை வெள்ளோட்டம். மேளக்காரருக்குப் பதிலாக அய்யப்பன் காருக்கு முன்னால் நடந்தார். நீராவி வருகிறதா என்றும், டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்றும் பார்த்தபடி ரத்தினவேல் காரை ஒட்டியே நடந்தார். உறவினர் சிலர் பின்னால் வந்தனர். யாரும் பேசவில்லை, அனைவருடைய கவனமும் காரிலேயே இருந்தது. கடைத்தெருவில் இந்தக் கூட்டம் நுழைந்ததும் டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முன்னால் தலை குனிந்து நடக்கும் ஒருவர், பின்னால் ஊர்ந்துவரும் கார், அதன் பின்னால் மௌனமாக ஆட்கள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்த கடையும் இறக்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஆருங்க தவறுனது?" என்று ஒருவர் ரத்தினவேலின் காதருகே கேட்டார்.

"இன்னும் இல்ல. முள்ளு நடுவுலதான் நிக்கிது" என்றார் ரத்தினவேல்.

இந்தச் செய்தி பிரகதாம்பாளுக்கு எட்டியபோது வீட்டில் பெரிய சண்டை நடந்தது. கல்யாண வீட்டில் இப்படி ஓர் அபசகுனமா என்று அவர் அழுதார். ஆனால் கார் மண்டபம்வரை போனது, கொதிக்கவில்லை. காலை நேரக் குளுமையும், வழியில் யாரும் ஆடாததும் இதற்கு உதவின என்பதை இங்கே குறிப்பிடுவது நியாயம். அய்யப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கார் ஆத்மநாதனுடையதே என்று முடிவாயிற்று. எனினும் ரத்தினவேல் தம் வண்டியை ஊர்வலத்தில் காருக்குப் பின்னாலேயே கொண்டுவருவதாகவும், அவசரம் என்றால் கதவைத் திறந்தால் போதும் என்றும் கூறினார். மறுத்துப் பேசுவதற்கு ஆத்மநாதனிடம் தை மாதம் ஒன்றுதான் இருந்தது. அது அவர் பக்கம் பேசாது.

திருமணத்துக்கு முந்தைய மாலை. கார் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றது. கீரமங்கலத்தார் தங்கள் தொழிலின் பெருமையைக் காட்டிவிட்டார்கள். மல்லிகை, சம்பங்கி, ரோஜா என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அலங்கரித்ததில், கார் இருக்குமிடம் தெரியவில்லை. முன்புறத்தில், ரேடியேட்டருக்குக் காற்றுப் போகவேண்டிய சட்டத்தின்மேல், சம்பங்கியால் ஒரு பாயே நெய்து மாட்டியிருந்தார்கள். ஆத்மநாதன் அதை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் கட்டிய பூவைப் பெண் வீட்டார் கழற்றுவதாவது! அதற்குக் கல்யாணத்தையே நிறுத்திவிடலாம்.

மாப்பிள்ளை சந்தோஷ்குமாரும் அவருடைய அக்கா அருணாவும் பின் இருக்கையில் ஏறினார்கள். இளமதி அழைப்பதைப் போலவே மாப்பிள்ளையும் ஆத்மநாதனை "மாமா" என்றே அழைத்தார். செண்டை மேளம் தொடங்கியது. மேலே டிரோன் கேமரா வட்டமிட்டது. ஆத்மநாதன் ஹீட்டருக்கு வெந்நீர் விடும் வால்வைத் திறந்து, விசிறியை முதல் நிலையில் போட்டார்.

"மாமா, ஏசி இல்லையா?"

"அரண்மனைக் காரு மாப்ள. காத்து தானா வரும்."

"வருது மாமா. அடுப்படியில இருந்து வர்ற மாதிரி வருது."

"டேய், மொகத்தத் தொடைக்காத. போட்ட பவுடரெல்லாம் வழியுது" என்றார் அருணா. கைக்குட்டையால் ஒற்றியெடுத்தார், கைக்குட்டை நனைந்ததும் புடவைத் தலைப்புக்கு மாறினார்.

செண்டைக்காரர்கள் செல்போனை உயர்த்திய ஒவ்வொருவருக்கும் எதிரே நின்று அடித்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினார்கள். ஆடியதைக் கேமராக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று திரும்பவும் ஆடினார்கள். முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கியது. ரத்தினவேல் வண்டியை விட்டு இறங்கி ஜன்னலருகே வந்தார்.

"மச்சான், முள்ளு எங்க நிக்கிது?"

"ஒங்களுக்கு இங்கிட்டு என்ன வேல? ஒங்க வண்டியப் பாருங்க."

"என் வண்டிக்கு என்ன, உள்ள ஊட்டி. வாங்க மாப்ள, செத்த ஒக்காந்துட்டு வாரீகளா?"

சந்தோஷ்குமார் திறந்திருந்த வெள்ளைக் கதவை ஒரு கணம் ஏக்கத்துடன் பார்த்தார். ஆத்மநாதன் உள்ளங்கையால் முள்ளை மறைத்துக்கொண்டார். முள்ளை மறைத்தால் சூடு தணியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அப்போதைக்கு அவர் கையில் இருந்த தற்காப்பு அது ஒன்றே.

மார்க்கெட் முக்கு வந்தது. தை மாதத்தில் பார்த்தவர்கள் அனைவரும் இப்போதும் வந்திருந்தனர். நீராவி எழுமுன்பே செல்போன்கள் உயர்ந்து நின்றன. செண்டைக்காரர்கள் அதைத் தங்களுக்கான மரியாதை என்று எண்ணி அங்கேயே நிலைகொண்டார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டுக்கு அடியில் களகளவென்று ஒரு சத்தம். எஞ்சினை நிறுத்தினால் பின்னால் வெள்ளைக் கதவு திறந்திருக்கிறது. பூவைப் பிய்த்தால் சம்பந்தம் பிய்ந்துவிடும். ஆத்மநாதன் கண்களை மூடிக்கொண்டு, சுவிட்சை இரண்டாம் நிலைக்குத் தள்ளினார்.

விசிறி அலறியது. பல ஆண்டுகளின் ஆயுத பூஜை ஒரே நொடியில் காருக்குள் வெளிப்பட்டது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு மேகம் டேஷ்போர்டின் கீழிருந்து கிளம்பி, முன் இருக்கையைத் தாண்டி, பின் இருக்கையை நிறைத்தது. மூவரும் ஒருசேரத் தும்மினார்கள். உலர்ந்த உடம்பாக இருந்தால் பொடி பறந்து போயிருக்கும். மாப்பிள்ளையோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். நெற்றி, கன்னம், கழுத்து, பட்டுச் சட்டை எங்கும் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டன.

"சூப்பர்! அப்படியே இருங்க மாப்ள!" என்று கேமராக்காரர் வெளியிலிருந்து கத்தினார். இது ஏதோ புதிய ஏற்பாடு என்று எண்ணிய கூட்டம் விசிலடித்தது.

ஆத்மநாதன் கண்களைத் திறந்தார். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தார். அது சிவப்புக் கோட்டில் சற்றுத் தயங்கி, பிறகு மெல்ல, மிக மெல்ல, இறங்கத் தொடங்கியது.

மண்டப வாசலில் பிரகதாம்பாளும் அமுதவல்லியும் ஆரத்தித் தட்டுடன் நின்றார்கள். கார் கதவு திறந்தது. சந்தோஷ்குமார் இறங்கினார். தட்டைச் சுற்றிய பிறகு பொட்டு வைக்க விரலை நீட்டிய அமுதவல்லி, அந்த முகத்தில் மேலும் கீழும் தேடினார்.

"எங்கிட்டு வைக்கிறது? எடமே இல்லையே" என்றார். பிறகு மூக்கை அருகே கொண்டுபோய், குரலைத் தாழ்த்திக் கணவரைப் பார்த்தார். "ஏங்க, இது நம்ம வீட்டுச் சந்தனம்ல?"

அருணா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை திரும்பினார். வெள்ளோட்டக் கதை கீரமங்கலம்வரை போயிருக்க வேண்டும்.

"மாமா, காரு கொதிக்கலையே?"

"இல்ல மாப்ள."

"அப்பச் சரி. நான்தான் கொதிச்சுட்டேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆரத்தித் தட்டு சாய்ந்து, மீதி இருந்த செந்நீரும் சட்டையில் சிந்தியது. அந்தச் சட்டைக்கு அதனால் புதிதாக எந்த நஷ்டமும் இல்லை. ரத்தினவேல் வந்து பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கொதிக்கல. ஒத்துக்கிறேன் மச்சான். ஆனா நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவிச்சுத்தான் கொண்டாந்திருக்கீங்க."

ஆத்மநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. இரவு விருந்தில் ஒவ்வொரு பந்தியாகப் போய், மார்க்கெட் முக்கில் முள் எங்கே நின்றது, எப்படி இறங்கியது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் கீரமங்கலம் புறப்படும் நேரத்தில் பாலாடை நிறக் கார் கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. சந்தோஷ்குமார் ஆத்மநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன், "மாமா, அரண்மனைக் காருல ஒரு தடவ வந்ததே பெரிய பாக்கியம்" என்று சொல்லிவிட்டு, இளமதியுடன் வெள்ளை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆத்மநாதன் சீர்வரிசைப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். திறந்த சாலை, நல்ல வேகம், ஹீட்டர் தேவைப்படவில்லை. ஜன்னல் வழியே குளுகுளுவென்று காற்று வந்தது. அந்தக் காரின் வரலாற்றிலேயே இதமான அந்தப் பயணத்தை அனுபவித்தவை ஒரு குத்துவிளக்கும் சில எவர்சில்வர் அண்டாக்களும்தான்.

அவருடைய காரை இப்போது மீண்டும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். உள்ளே குங்குமம் பறக்குமாமே, அதுவும் சேர்த்துத்தானே என்று கேட்கிறார்கள். ஹீட்டரைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிட்டதால் அரண்மனைக் கூற்றில் மட்டும் ஒரு சிறு திருத்தம் செய்ய நேர்ந்தது. ராஜாவுக்குச் சளித் தொந்தரவு இருந்ததாக ஆத்மநாதன் இப்போது கூறி வருகிறார்.

ஆயுத பூஜை வந்தது. அமுதவல்லி சந்தனக் கிண்ணத்துடன் காரின் முன் இருக்கையில் குனிந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஹீட்டர் பெட்டிக்கு வைத்தார். மோட்டாருக்கு வைத்தார். திருகாணிக்கு வந்ததும் விரலை அந்தரத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு வேணாம்ல?"

ஆத்மநாதன் எட்டிப் பார்த்தார். சுற்றிலும் எல்லாம் மங்களகரமாக இருக்க, அந்தத் திருகாணி மட்டும் வெறும் நெற்றியுடன் மினுங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அழைப்பன்று மானத்தைக் காப்பாற்றியது அதுதான். அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால் எப்படி? அவர் முகத்தில் ஒரு போராட்டம் நடந்ததாக அமுதவல்லி சொல்கிறார். வெகுநேரம் நடக்கவில்லையாம்.

"வையி," என்றார் ஆத்மநாதன். "சின்னதா வையி."